இருபது சென்ட் பலகாரம்

இந்த இதழின் கேள்வி-பதில் பக்கத்தில் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. ஊரும் பெயரும் மாறும், கேள்வி மாறாது. ‘எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரி இருக்கிறது. முழுவதும் ஒரே பயிர்தான் போடுகிறேன். வீட்டுத் தேவைக்கென்று ஒரு துண்டு ஒதுக்கினால் கட்டுப்படியாகுமா?’

பதில் சொல்ல நான் வேளாண்மை படித்தவள் இல்லை. விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் எங்களுக்கு நான்கு ஏக்கர். மழையை நம்பித்தான் எல்லாம். அதில் இருபது சென்ட் மட்டும் முப்பது வருடத்துக்கு மேலாக வீட்டுக்கென்று விதைத்து வருகிறோம். எங்கள் வீட்டில் அதற்குப் ‘பலகாரத் துண்டு’ என்று பெயர். அந்தத் துண்டு ஏன் இன்னும் இருக்கிறது என்பதை அடுப்படியிலிருந்துதான் என்னால் சொல்ல முடியும்.

தெற்குச் சீமையில் பலகாரம் ‘சுடுவது’ என்பார்கள். எண்ணெயில் வேகும் அதிரசமும் சுடுவதுதான், குழிக்கல்லில் ஊற்றும் பணியாரமும் சுடுவதுதான். காயல்பட்டினம் பக்கம் முஸ்லிம் வீடுகளில் ரவை, முட்டை, நெய் எல்லாம் சேர்த்து, பாத்திரத்துக்கு மேலும் கீழும் தணல் வைத்துத் தம்மடை சுடுவார்கள். பேக்கரி அடுப்பு செய்கிற வேலையை அந்தத் தணல் செய்துவிடும். ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு மாதம் உண்டு. அந்த மாதம் சாமிக்காக மட்டும் வந்ததில்லை. காட்டில் எது விளைந்ததோ, பனையில் எது இறங்கியதோ, குலுக்கையில் எது மிச்சம் இருந்ததோ அதை வைத்து வந்தது.

தையில் தொடங்கும் கணக்கு

எங்கள் பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் விதைப்பு. மழை சரியாக இருந்தால் மார்கழிக்குள் பாசிப்பயறும் உளுந்தும் நெற்றாகிவிடும். குதிரைவாலி மூன்று மாதப் பயிர், தைக்கு வந்துவிடும். அதனால் எங்கள் பொங்கல் பானையில் நெல்லரிசியோடு ஒரு கை குதிரைவாலி அரிசியும் விழும். சில வருடம் குதிரைவாலி மட்டுமே. கண்மாய்ப் பாசனம் இல்லாத ஊரில் அரிசிப் பொங்கல் என்பது கடையில் வாங்கி வைப்பது. குதிரைவாலிப் பொங்கல் எங்கள் மண்ணில் விளைந்தது. குதிரைவாலி அரிசி சீக்கிரம் வெந்து குழைந்துவிடும் என்பதால் பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவிட்ட பிறகே அதைப் போட வேண்டும்.

மாசியில் புது உளுந்து உலர்ந்து பானைக்குப் போகும். அப்போது உளுந்தங்களி. கருப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, அதில் நாலில் ஒரு பங்கு பச்சரிசி சேர்த்துத் திரித்த மாவு. கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய். வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் களையெடுத்து இடுப்பு ஒடிந்து வருகிறவர்களுக்கும் அதுதான்.

பங்குனி, சித்திரையில் பனை பால் சுரக்கத் தொடங்கும். பதநீர் காய்ச்சிப் புதுக் கருப்பட்டி இறங்கும். வேம்பார் பக்கத்தில் இருந்தும் உடன்குடியில் இருந்தும் வருகிற கருப்பட்டிக்கு எங்கள் ஊரில் எப்போதும் மதிப்பு அதிகம். வருடம் முழுக்கச் செய்கிற பலகாரத்துக்கு ஆடி முடிவதற்குள் வாங்கி வைத்துவிட வேண்டும். ஆடிக்குப் பிறகு பனையேற்றம் நின்றுவிடும். அப்புறம் கடையில் கிடைப்பது எந்த வருடத்துக் கருப்பட்டி, அதில் எவ்வளவு சீனி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆடியில் கம்பங்கூழ், செவ்வாய்க்கிழமை கொழுக்கட்டை. ஆவணியில் பிள்ளையாருக்கு எள்ளுப் பூரணம். ஐப்பசியில் தீபாவளிக்கு அதிரசம், சுசியம், முந்திரிக்கொத்து. கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. மார்கழியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கிறிஸ்துமஸ். அங்கே இருந்து எங்களுக்கு அச்சு முறுக்கும் கேக்கும் வரும். தைக்கு இங்கே இருந்து பனங்கிழங்கும் பொங்கலும் போகும். தட்டு வெறுமனே திரும்பாது.

இந்தப் பட்டியலை மறுபடி ஒரு முறை பார்த்தால் அதில் ஒளிந்திருக்கும் பயிர்கள் தெரியும். பாசிப்பயறு, உளுந்து, எள், குதிரைவாலி, கம்பு, பனை. ஒரு காலத்தில் கரிசலில் எல்லோர் காட்டிலும் இவை இருந்தன.

பலகாரம் நின்றது, விதை போனது

நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு மேல் தினை இருந்தது. பெரிய விளைச்சலுக்கு இல்லை, வேலி ஓரம் இரண்டு சால். தினை அதிரசம் சுடுவதற்கும், தினை மாவு இடிப்பதற்கும், குருவிக்கும் அது போதும். இன்று எங்கள் ஊரில் ஒரு வீட்டில்கூடத் தினை விதை கிடையாது.

தினையை யாரும் வேண்டாம் என்று தூக்கி எறியவில்லை. முதலில் உரல் போனது. இடிப்பதற்கு ஆள் இல்லை. கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி வேலைக்குப் போன பெண்கள் காலை ஆறு மணிக்கு வண்டி ஏறினால் இரவுதான் வீடு. அவர்களைப் பார்த்து ‘அதிரசம் சுடவில்லையா’ என்று கேட்பது நியாயம் இல்லை. தீபாவளிக்கு ஒரு கிலோ கடையில் வாங்கினார்கள். வீட்டில் சுடவில்லை என்பதால் தினை செலவாகவில்லை. பானையில் கிடந்த தினை இரண்டு வருடத்தில் முளைப்பு இல்லாமல் போனது. ‘எதுக்கு இது, யார் தின்கிறா’ என்று வேலி ஓரச் சாலும் மக்காச்சோளமாகிவிட்டது. நிலத்தில் இருந்து ஒரு பயிர் போனது யாருக்கும் தெரியவே இல்லை.

இது நடந்த பிறகுதான் 2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்துக் கடையில் தினை லட்டு அழகான டப்பாவில் வந்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் பக்கம் எல்லோருக்கும் பெருமைதான். எனக்கும்தான். ஆனால் அதிரசத்துக்கும் ஓலைக் கொழுக்கட்டைக்கும் குறியீடு கேட்டு யாரும் போகப் போவதில்லை. அவற்றுக்கு வீடுதான் காப்பு. வீட்டில் செய்தால் இருக்கும், செய்யாவிட்டால் போய்விடும். போகும்போது கூடவே ஒரு விதையையும் கூட்டிக்கொண்டு போகும்.

டிராக்டர் நேராகப் போக வேண்டும்

எங்கள் வீட்டிலும் அந்தத் துண்டுக்கு ஆபத்து வந்தது. மகன் விவசாயப் பொறுப்பை எடுத்துக்கொண்ட புதிது. அவன் சொன்னதில் தப்பு இல்லை.

“ஏம்மா, டிராக்டர்க்காரர் மணிக்கணக்குல வாங்குறாரு. நேரா விட்டுட்டுத் திரும்பணும்னு சொல்றாரு. ஒம்ம துண்டுக்காக ரெண்டு தடவ மடக்கித் திருப்ப வேண்டியிருக்கு. அப்புறம் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடிச்சா ஒம்ம பயறு கருகிருது. அடிக்கலன்னா களையெடுக்க ஆளில்ல. நான் என்ன செய்ய?”

அத்தைக்கு அப்போது எண்பதை நெருங்கிய வயது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் பேரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னார். “ஏ தாயி, அவன் சொல்றதும் வாஸ்தவந்தான். துண்டு நடுக்காட்டுல கெடந்தா அவன் எப்படி ஏர் ஓட்டுவான்? ஓரத்துக்குக் கொண்டு போ. வெதைய விட்டுராத.”

நாங்கள் செய்தது இதுதான். துண்டைக் கிழக்கு ஓரம், பனை நிற்கிற வரப்பை ஒட்டி மாற்றினோம். காட்டின் மேட்டுப் பக்கம் அது. மழை பெய்தால் மக்காச்சோளத்தில் இருந்து வடிகிற தண்ணீர் இந்தப் பக்கம் ஏறாது. எள்ளுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது என்பதால் அதற்கும் மேடு நல்லது. மக்காச்சோளத்துக்கும் துண்டுக்கும் நடுவில் ஆறு சால் நாட்டுச் சோளம் விதைத்தோம். மக்காச்சோளத்துக்கு அடிக்கிற அட்ரசின் களைக்கொல்லியைச் சோளம் தாங்கும், பயறும் எள்ளும் தாங்காது. தெறிக்கிற மருந்து சோளத்தோடு நின்றுவிடும். மாட்டுக்குத் தட்டையும் கிடைத்தது. மருந்தைக் காற்று இல்லாத காலை நேரத்தில் மட்டும் அடிப்பது என்று மகன் ஒத்துக்கொண்டான். முக்கியமான விஷயம், அந்த மருந்தின் மிச்சம் மண்ணில் தங்கி அடுத்த பயிரான பயறு வகையைப் பாதிக்கலாம். அதனால் துண்டின் இடத்தை அதற்குப் பிறகு மாற்றவே இல்லை. துண்டுக்குள்ளேயே பயறு போட்ட இடத்தில் குதிரைவாலி, குதிரைவாலி போட்ட இடத்தில் உளுந்து என்று சுற்றிக்கொள்கிறோம்.

அதற்குப் பிறகு டிராக்டர் நேராகப் போகிறது. வீட்டிலும் சண்டை இல்லை.

2018-ல் வந்த புழு

படைப்புழு நம் நாட்டுக்குள் வந்தது 2018-ல். அதே வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்தில் மக்காச்சோளம் போட்டவர்கள் யாரும் அந்தப் பட்டத்தை மறக்க மாட்டார்கள். குருத்துக்குள் உட்கார்ந்து தின்றது. மேலே ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். என்ன புழு, என்ன மருந்து என்று தெரிவதற்குள் பாதிக் காடு சல்லடை. எங்கள் வீட்டில் மூன்று தடவை மருந்து அடித்தும் வழக்கமான விளைச்சலில் பாதிகூடத் தேறவில்லை. மருந்துச் செலவும் டிராக்டர் கூலியும் கடனாக நின்றது.

துண்டில் பயறும் உளுந்தும் எள்ளும் பெரிய சேதம் இல்லாமல் வந்தன. குதிரைவாலியும் கதிர் சாய்ந்து நின்றது. அந்தத் தையில் அரிசி வாங்கக்கூட யோசித்த நேரத்தில் குதிரைவாலியில் பொங்கல் வைத்தோம். மாசி, பங்குனி முழுக்க இரவுச் சாப்பாடு குதிரைவாலிக் கஞ்சியும் உளுந்தங்களியும்தான். ஒரு நாள் இரவு சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவும்போது மகன், “நல்ல வேளை, இத அழிக்கல” என்றான். அதற்கு மேல் அவன் பேசவில்லை. அடுத்த புரட்டாசியில் நான் சொல்லாமலே துண்டுக்கு முதலில் எரு அடித்தான்.

இருபது சென்ட் நான்கு ஏக்கர்க் கடனை அடைக்காது. அந்த வருடமும் அடைக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக்குக் கடன் வாங்க விடவில்லை. பண்டிகைக்குச் செய்கிற பலகாரத்துக்காக வைத்திருந்த பயிர், பண்டிகை இல்லாத நாளில் சோறு போட்டது.

கட்டுப்படியாகுமா?

இப்போது வாசகர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் கணக்கை அப்படியே வைக்கிறேன். மழை ஒழுங்காகப் பெய்த வருடத்துக் கணக்கு இது.

இருபது சென்ட்டில் ஆறு சென்ட் உளுந்து, 15 கிலோ. ஐந்து சென்ட் பாசிப்பயறு, 10 கிலோ. ஆறு சென்ட் குதிரைவாலி, 25 கிலோ தானியம். அதைத் தோல் நீக்கினால் ஏறக்குறைய 15 கிலோ அரிசி. மூன்று சென்ட் எள், 4 கிலோ. இவற்றை எங்கள் ஊர்க் கடை விலைக்கு வாங்கினால் 5,000 ரூபாய் ஆகும். விதை சொந்தம், எரு சொந்தம், களை நாங்களே எடுக்கிறோம். உழவுக்கும் மற்றதுக்கும் 600 ரூபாய்.

அதே இருபது சென்ட்டில் மக்காச்சோளம் போட்டால் நல்ல வருடத்தில் நான்கு குவிண்டால். குவிண்டால் 2,100 என்று வைத்தால் 8,400 ரூபாய். விதை, உரம், மருந்து, உழவு, அறுவடை எல்லாம் சேர்த்து அந்த இடத்துக்கு 4,000 ரூபாய் செலவு. மிச்சம் 4,400.

ஏறக்குறைய சரிக்குச் சரி. லாபம் என்று பெரிதாகச் சொல்ல இல்லை. எங்கள் களையெடுப்புக்குக் கூலி போட்டால் துண்டு கொஞ்சம் பின்னால்தான் நிற்கும். ஆனால் கெட்ட வருடத்தில் மக்காச்சோளம் செலவையும் சேர்த்து விழுங்கிவிடும், துண்டு அப்படிச் செய்யாது. இந்த வித்தியாசத்துக்காகத்தான் வைத்திருக்கிறோம். நான்கு ஏக்கரையும் இப்படி மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை படிப்புக்கும் கல்யாணத்துக்கும் காசு தருவது மக்காச்சோளம்தான்.

விதையும் வண்டும்

தையில் எடுத்த பயறு ஐப்பசி தீபாவளி வரை இருக்க வேண்டும். ஒன்பது மாதம். இதில்தான் பலர் தோற்றுப் போகிறார்கள். பயறு வண்டு காட்டில் இருக்கும்போதே நெற்றில் முட்டை வைத்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு துளை போட்டு வெளியே வரும். அதனால் நெற்று காய்ந்ததும் நாள் கடத்தாமல் பறித்துவிட வேண்டும். பல்லில் கடித்தால் ‘டக்’ என்று இரண்டாக உடையும் வரை வெயிலில் காய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு உள்ளதை உடனே உடைத்துப் பருப்பாக்கிவிடுவோம். உடைத்த பருப்பில் வண்டு அவ்வளவாக விழுவதில்லை. விதைக்கு உள்ளதை மட்டும் முழுசாக வைப்போம். அதற்குச் செம்மண் கட்டுவோம். செம்மண்ணைக் கூழ் மாதிரி கரைத்து, பயறைப் புரட்டி, மறுபடி நன்றாகக் காயவைத்து மண்பானையில் போட்டு, மேலே வேப்பிலையும் நொச்சி இலையும் வைத்து வாயைக் கட்டிவிட வேண்டும். மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பது கட்டாயம்.

மூன்று பக்குவம்

பலகாரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் பக்குவம் சொல்லாமல் போனால் வாசகிகள் கோபப்படுவார்கள். எங்கள் வீட்டு அளவு இது.

முந்திரிக்கொத்து: பெயர்தான் முந்திரி, முந்திரிப் பருப்பு இதில் கிடையாது. பாசிப்பயறு ஒரு கிலோ. வாசம் வரும் வரை வறுத்துக் கொரகொரவென்று திரிக்கவும். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போகச் சிவக்க வறுக்கவும். கெட்டுப் போகாமல் இருப்பதற்கு இதுதான் முக்கியம். எள் 100 கிராம் வறுத்தது, ஏலக்காய், சுக்கு. கருப்பட்டி முக்கால் கிலோவைக் கொதிக்கவைத்து வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்துக் கம்பிப் பதம் வந்ததும் மாவில் ஊற்றிக் கிளறி, சூடு பொறுக்கும் பதத்தில் நெல்லிக்காய் அளவு உருட்டவும். ஒரு நாள் ஆறவிடவும். பச்சரிசி மாவில் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டுத் தோசை மாவு பதத்தில் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாக முக்கி எண்ணெயில் போடவும். மூன்றும் ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும். காற்றுப் புகாத தூக்கில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

ஓலைக் கொழுக்கட்டை: திருக்கார்த்திகைக்கு இரண்டு நாள் முன்பே பனையேறுகிற அண்ணாச்சியிடம் குருத்தோலைக்குச் சொல்லி வைப்போம். வறுத்த பச்சரிசி மாவு இரண்டு பங்கு, கருப்பட்டி ஒரு பங்கு, வறுத்து அரைவேக்காடு வேகவைத்த பாசிப்பயறு அரைப் பங்கு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய். கருப்பட்டிப் பாகை வடிகட்டிச் சூடாக ஊற்றிப் பிசைந்து, ஓலை மடிப்புக்குள் வைத்து இன்னொரு ஓலையால் மூடி நாரால் கட்டி ஆவியில் 25 நிமிடம் வேகவைக்கவும். ஓலை வாசம் மாவில் ஏறியிருக்கும். வாழை இலையில் செய்தால் அந்த வாசம் வராது.

மூன்றாவது, பேத்திக்காக வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறார்கள், தனக்கும் வேண்டும் என்றாள். கேட்பதில் குற்றம் இல்லை. பக்கத்துத் தெரு மதினி, கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் செய்கிறவர், அவர்தான் மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அடிகனமான பழைய பாத்திரத்தில் இரண்டு விரல்கடை ஆற்று மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். குதிரைவாலி மாவு 100 கிராம், கோதுமை மாவு 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சோடா உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துச் சலிக்கவும். இரண்டு முட்டையை நுரைக்க அடித்து, 100 மில்லி கடலை எண்ணெய், 150 கிராம் கருப்பட்டியைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி ஆறவைத்த பாகு, ஏலக்காய் சேர்த்து மாவோடு கலக்கவும். கெட்டியாக இருந்தால் பால் விடலாம். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி மணல் மேல் வைத்து மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. குதிரைவாலி மாவு மட்டும் போட்டால் கேக் உதிர்ந்துவிடும், பிடிப்பு இருக்காது. அதற்குத்தான் பாதி கோதுமை.

பேத்தி அதை வெட்டியபோது நிறம் கறுப்பாக இருக்கிறது என்று முதலில் முகம் சுளித்தாள். தின்ற பிறகு இன்னொரு துண்டு கேட்டாள். எனக்கு அதில் ஒரு நிம்மதி. அதிரசம் சுட அவள் வருவாளா, தெரியாது. ஆனால் கேக்குக்காகவாவது குதிரைவாலி வேண்டும் என்று கேட்பாள். பலகாரம் பெயர் மாறினாலும் பயிர் நின்றால் போதும்.

கருப்பட்டி பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் உடைத்துப் பார்ப்போம். உள்ளே பளபளவென்று மின்னினால் சீனி சேர்ந்திருக்கும் என்று ஒதுக்குவோம். அதைவிட நல்லது காய்ச்சுகிறவரிடமே நேராக வாங்குவது. அவருக்கும் நாலு காசு கூடக் கிடைக்கும். கருப்பட்டிதானே என்று சர்க்கரை நோய் உள்ளவர்கள் நிறையத் தின்ன வேண்டாம். அதுவும் இனிப்புதான். எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. பூரணம் இல்லாத உப்புக் கொழுக்கட்டைதான் அவருக்கு.

இந்தப் புரட்டாசிக்கு

அத்தை இப்போது இல்லை. அவர் கையால் செம்மண் கட்டிய பானையில் இருந்து வந்த பாசிப்பயறுதான் இன்றும் விதைக்கிறோம். வருடா வருடம் புதிதாக விளைந்து மாறிக்கொண்டே வந்தாலும் வீட்டில் அதற்கு ‘ஆச்சி பயறு’ என்றுதான் பெயர்.

வீட்டுத் துண்டு வைக்க நினைக்கிறவர்கள் பெரிதாகத் தொடங்க வேண்டாம். உங்கள் வீட்டில் வருடத்தில் கட்டாயம் செய்கிற பலகாரம் எது என்று முதலில் பாருங்கள். சுசியமா, எள்ளுருண்டையா, களியா? அதற்கு வேண்டிய ஒரே ஒரு பயிரை ஐந்து சென்ட்டில் விதையுங்கள். மேட்டு ஓரமாக, மருந்து போகாத இடமாக இருக்கட்டும். நடுவில் நாலைந்து சால் சோளம் நிற்கட்டும். பலகாரம் சுடுகிற அன்று மாவு திரிக்க ஆண்கள் மில்லுக்குப் போகட்டும், தேங்காய் துருவப் பிள்ளைகள் உட்காரட்டும். பெண்கள் தலையில் மட்டும் விழுந்தால் இரண்டு வருடத்தில் அது நின்றுவிடும்.

இன்னொரு வேண்டுகோள். யாரிடமாவது கரிசல் மானாவாரிக்குப் பழகிய நாட்டுத் தினை விதை இருந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள். ஒரு படி போதும். பதிலுக்கு எங்கள் ஊர்ப் பாசிப்பயறு ஒரு படி அனுப்புகிறேன். வேலி ஓரத்தில் இரண்டு சாலுக்கு இடம் இருக்கிறது.